40 கடிதம் போட்டும் பதில் இல்லை: குடும்ப அறக்கட்டளையிடம் மானியம் கேட்கும் முறை

கேள்வி இதுதான். அமெரிக்காவில், பள்ளி முடிந்த பிறகு குழந்தைகளுக்கு வாசிப்புப் பயிற்சி தரும் ஒரு சிறு அமைப்பு. 501(சி)(3) என்ற, வரிவிலக்கு பெற்ற அறநிறுவனத்துக்கான அங்கீகாரம் கிடைத்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. ஆண்டுச் செலவு ஏறக்குறைய 80,000 டாலர். இதுவரை தெரிந்தவர்கள் கொடுத்த நன்கொடையில் ஓடியிருக்கிறது. இணையத்தில் கிடைத்த ஒரு பட்டியலை வைத்து 40 குடும்ப அறக்கட்டளைகளுக்கு ஒரே கடிதத்தை அனுப்பினார்கள். இரண்டு இடங்களிலிருந்து மறுப்பு வந்தது, மற்ற 38 இடங்களிலிருந்து ஒன்றுமே வரவில்லை. எங்கே தவறு, இனி என்ன செய்வது என்று கேட்கிறார்கள்.

கடிதத்தில் குறை இருந்திருக்கலாம். ஆனால் அந்த 38 பேரில் பலர் கடிதத்தை இரண்டாவது பத்தி வரைகூடப் படித்திருக்க மாட்டார்கள் என்பதுதான் என் கணிப்பு. நான் பத்து ஆண்டுகளுக்கு மேல் இத்தகைய விண்ணப்பங்களை எழுதியிருக்கிறேன். அப்புறம் சில ஆண்டுகள் கொடுக்கும் பக்கத்தில் இருந்து, ஒரு குடும்ப அறக்கட்டளைக்கு வரும் விண்ணப்பங்களைப் படித்துக் கருத்துச் சொல்லும் வேலையும் செய்தேன். இரண்டு பக்கமும் பார்த்த பிறகு உறுதியாகச் சொல்வேன்: குடும்ப அறக்கட்டளை விஷயத்தில் விண்ணப்பம் எழுதுவது கடைசி வேலை. அந்தக் குடும்பம் இதுவரை யாருக்கு, எவ்வளவு, எந்த ஊரில் கொடுத்திருக்கிறது என்று படிப்பதுதான் முதல் வேலை. அதற்கான ஆவணம் யாரும் பார்க்கும்படி பொதுவில் கிடக்கிறது. மானியம் கேட்பவர்களில் பெரும்பாலோர் அதைத் திறப்பதே இல்லை.

முதலில் குடும்ப அறக்கட்டளை என்றால் என்ன என்று தெளிவாக்கிக்கொள்வோம். சட்டத்தில் அப்படி ஒரு தனி வகை கிடையாது. வரித்துறையான ஐஆர்எஸ்ஸின் கணக்கில் அது ஒரு "தனியார் அறக்கட்டளை". பணம் ஒருவரிடமிருந்தோ ஒரு குடும்பத்திடமிருந்தோ வந்து, அந்தக் குடும்பத்தினரே நிர்வாகத்திலும் இருந்தால் நடைமுறையில் அதைக் குடும்ப அறக்கட்டளை என்கிறோம். பொதுமக்களிடம் பணம் திரட்டும் உங்கள் அமைப்பு "பொது அறநிறுவனம்". இரண்டும் 501(சி)(3) தான், ஆனால் விதிகள் வேறு. தனியார் அறக்கட்டளைகளுக்கான கடுமையான விதிகள் 1969-ஆம் ஆண்டின் வரிச் சீர்திருத்தச் சட்டத்தில் வந்தவை. செல்வந்தர்கள் வரிச்சலுகையோடு பணத்தை ஒதுக்கி வைத்துவிட்டு, அறத்துக்குச் செலவிடாமல் தங்கள் வசதிக்கே அதைப் பயன்படுத்துகிறார்கள் என்ற புகார்தான் அந்தச் சட்டத்துக்குக் காரணம்.

அந்த விதிகளில் உங்களுக்கு நேரடியாகப் பயன்படுவது 5 சதவீத விதி. மானியம் கொடுக்கும் தனியார் அறக்கட்டளை, தன் முதலீட்டுச் சொத்தின் சராசரி மதிப்பில் ஏறக்குறைய 5 சதவீதத்தை அறப்பணிக்குச் செலவிட்டாக வேண்டும். அந்த ஆண்டே செலவிட முடியாவிட்டால் அடுத்த ஆண்டு முடிவதற்குள் செலவிட வேண்டும். அறப்பணிக்கு ஆகும் நியாயமான நிர்வாகச் செலவும் இந்த 5 சதவீதத்தில் சேரும். ஆக, 30 லட்சம் டாலர் சொத்துள்ள அறக்கட்டளை ஆண்டுக்குச் சுமார் 1,50,000 டாலர் செலவிட்டாக வேண்டும். பெரிய தொகைதான். ஆனால் அதில் 1,00,000 டாலர் ஆண்டுதோறும் அதே ஆறு அமைப்புகளுக்குப் போகிறது என்றால், நிர்வாகச் செலவும் போகப் புதியவர்கள் எல்லோருக்குமாகச் சேர்த்து மிஞ்சுவது 50,000-க்கும் குறைவு. "இவ்வளவு சொத்து வைத்திருக்கிறார்கள், நமக்கு ஒரு 50,000 கொடுக்கக் கூடாதா" என்று நினைக்கும்போது இந்தக் கணக்கு நினைவில் இருக்க வேண்டும்.

இனி அந்த ஆவணம். ஒவ்வொரு தனியார் அறக்கட்டளையும் ஆண்டுதோறும் 990-பிஎஃப் என்ற படிவத்தை ஐஆர்எஸ்ஸுக்குத் தாக்கல் செய்ய வேண்டும். அது பொது ஆவணம். ஐஆர்எஸ் தளத்தில் தேடலாம்; புரோபப்ளிகா என்ற செய்தி நிறுவனம் நடத்தும் நான்பிராஃபிட் எக்ஸ்ப்ளோரர் என்ற தளத்தில் இலவசமாகப் படிக்கலாம். அறநிறுவனங்களைப் பற்றிய தகவல்களைத் திரட்டிவந்த ஃபவுண்டேஷன் சென்டரும் கைட்ஸ்டாரும் 2019-இல் இணைந்து உருவான கேண்டிட் அமைப்பிலும் கிடைக்கும். அவர்களுடைய விரிவான தேடல் வசதிக்குக் கட்டணம் உண்டு. ஆனால் நாடு முழுக்கப் பல பொது நூலகங்களில் அதை இலவசமாகப் பயன்படுத்தலாம். பக்கத்து நூலகத்தில் கேட்டுப் பார்த்துவிட்டுப் பிறகு பணம் கட்டுவதைப் பற்றி யோசியுங்கள்.

படிவம் பார்க்க மிரட்டலாக இருக்கும். எண்களைக் கண்டு பயப்பட வேண்டாம். உங்களுக்கு வேண்டியது நாலைந்து இடங்கள்தான். நான் எப்போதும் பின்பக்கத்திலிருந்து தொடங்குவேன். அங்கே ஒரு சிறு கட்டம் இருக்கும். "முன்பே தேர்ந்தெடுத்த அமைப்புகளுக்கு மட்டுமே கொடுக்கிறோம், தாமாக வரும் வேண்டுகோள்களை ஏற்பதில்லை" என்பது அதன் பொருள். அந்தக் கட்டத்தில் குறி போட்டிருந்தால், முன்பின் தெரியாதவர்களின் கடிதத்தை அவர்கள் எதிர்பார்க்கவில்லை. உங்கள் 40-இல் பாதிக்கு மேல் இந்தக் குறி இருந்தால் நான் ஆச்சரியப்பட மாட்டேன். அந்த ஒரு கட்டத்தைப் பார்த்திருந்தாலே அத்தனை தபால்தலையும் அத்தனை மனச்சோர்வும் மிச்சமாகியிருக்கும். குறி போடாதவர்கள் அதன் கீழேயே விண்ணப்பத்தை யாருக்கு அனுப்ப வேண்டும், எந்த வடிவில், கடைசி நாள் என்ன, எந்த ஊருக்கு, எந்தத் துறைக்கு மட்டும் கொடுக்கிறார்கள் என்று எழுதியிருப்பார்கள்.

அடுத்தது மானியப் பட்டியல். அந்த ஆண்டில் கொடுத்த ஒவ்வொரு மானியமும் பெறுநர் பெயர், நோக்கம், தொகையோடு அதில் இருக்கும். வரும் ஆண்டுகளுக்கு என்று ஒப்புக்கொண்ட தொகைகள் தனியாக இருக்கும். இந்தப் பட்டியலை ஒரே ஓர் ஆண்டுக்குப் படித்தால் பெரிய பயன் இல்லை. மூன்று ஆண்டுப் படிவங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். மூன்றிலும் வரும் பெயர்கள் அந்தக் குடும்பத்தின் நிரந்தர உறவுகள். ஓர் ஆண்டு புதிதாக வந்து அடுத்த ஆண்டும் தொடரும் பெயர்கள் இருந்தால் அந்தக் குடும்பம் புதியவர்களுக்குக் கதவு திறக்கிறது என்று பொருள். மூன்று ஆண்டுகளிலும் ஒரு புதுப்பெயர்கூட இல்லையென்றால், கட்டத்தில் குறி இல்லாவிட்டாலும் அது மூடிய கதவுதான்.

தொகைகளையும் கவனியுங்கள். புதிதாக வந்தவர்களுக்கு முதல் ஆண்டு எவ்வளவு கிடைத்தது? 3,000, 5,000, 7,500 என்று இருந்தால் நீங்கள் 40,000 கேட்பது அவர்களைப் பற்றி ஒன்றும் தெரியாமல் கேட்பது. அவர்களுக்கு அது உடனே புரிந்துவிடும். பட்டியலின் மிகப் பெரிய மானியத்தை உங்கள் அளவுகோலாக வைக்காதீர்கள். அது பெரும்பாலும் நிறுவனர் படித்த கல்லூரிக்கோ அவர் சிகிச்சை பெற்ற மருத்துவமனைக்கோ போனதாக இருக்கும்.

இந்தப் பட்டியலில் இன்னொரு நுட்பமும் உண்டு. எனக்கு அது புரியவே சில ஆண்டுகள் ஆயின. ஒஹாயோவில் உள்ள அறக்கட்டளை, எல்லா மானியமும் ஒஹாயோவுக்கே. நடுவில் மட்டும் ஓரிகனில் இரண்டு சிறு மானியங்கள், ஒவ்வொன்றும் 2,500 டாலர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் அந்தக் குடும்பத்தின் மகனோ மகளோ ஓரிகனுக்குக் குடிபெயர்ந்து, அறங்காவலராகத் தொடர்கிறார் என்று அர்த்தம். பல குடும்பங்களில் ஒவ்வோர் அறங்காவலருக்கும் சொந்த விருப்பப்படி பரிந்துரைக்க ஒரு சிறு ஒதுக்கீடு வைத்திருப்பார்கள். உங்கள் அமைப்பு அந்த ஊரில் இருந்தால் உங்களுக்கு வழி தலைமையகம் மூலம் அல்ல, அந்த மகன் அல்லது மகள் மூலம்தான். படிவத்தில் அறங்காவலர்களின் பெயர்களும் வாரத்துக்கு எத்தனை மணி நேரம் வேலை செய்கிறார்கள், சம்பளம் எவ்வளவு என்பதும் இருக்கும். எல்லோருக்கும் சம்பளம் பூஜ்யம் என்றால் அங்கே பெரும்பாலும் ஊழியர் என்று யாரும் இருக்க மாட்டார்கள். குடும்ப அறக்கட்டளைகளில் பெரும்பான்மை இப்படித்தான். உங்கள் கடிதம் போவது ஓர் அலுவலகத்துக்கு அல்ல, யாரோ ஒருவரின் வீட்டுக்கு, அல்லது அவர்களுடைய கணக்காளரின் மேசைக்கு.

இந்தப் படிவம் கொஞ்சம் பழையதாகத்தான் இருக்கும். டிசம்பரில் கணக்கை முடிக்கும் அறக்கட்டளை அடுத்த மே 15-க்குள் தாக்கல் செய்ய வேண்டும். ஆறு மாத நீட்டிப்பு வாங்கினால் நவம்பர் ஆகிவிடும். அதன் பிறகு தளங்களில் ஏறச் சில மாதங்கள். எனவே நீங்கள் படிப்பது ஓர் ஆண்டுக்கோ இரண்டு ஆண்டுகளுக்கோ முந்தைய நிலவரம். இடையில் மரணம், விவாகரத்து, தலைமுறை மாற்றம் எதுவும் நடந்திருக்கலாம். அதனால் படிவத்தில் பார்த்த பெயரை அப்படியே கடிதத்தில் போடாமல் ஒரு முறை சரிபாருங்கள்.

இதை அழுத்திச் சொல்ல ஒரு காரணம் உண்டு. நான் விண்ணப்பங்களைப் படித்துக்கொடுத்த குடும்பத்தில் நிறுவனர் இறந்து ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன. அவருடைய பிள்ளைகள் நால்வர் சாப்பாட்டு மேசையைச் சுற்றி உட்கார்ந்து முடிவெடுப்பார்கள். ஒரு கூட்டத்தில் வந்த விண்ணப்பம் நன்றாகவே எழுதப்பட்டிருந்தது, வேலையும் நல்ல வேலை. ஆனால் முதல் வரியில் அந்த நிறுவனரை விளித்து, "உங்கள் உடல்நலத்துக்கு எங்கள் வாழ்த்துகள்" என்று இருந்தது. மூத்த மகள் அதைப் படித்தார், எதுவும் சொல்லவில்லை, தாளை மெதுவாகக் கவிழ்த்து வைத்தார். மற்ற மூவரும் அதை எடுக்கவில்லை. அந்த அமைப்பின் குழந்தைகளுக்கு அந்த ஆண்டு அங்கிருந்து ஒன்றும் போகவில்லை. அந்தக் குடும்பம் கல்நெஞ்சம் கொண்டதல்ல. இறந்த அப்பாவின் பெயரில் இருக்கும் பணத்தைக் கையாளும் பிள்ளைகள் அவர்கள். விண்ணப்பம் எழுதுபவர்கள் இதை மறக்கவே கூடாது.

சரி, 40 பேரை இப்படிச் சலித்த பிறகு உங்களிடம் மூன்றோ நான்கோ மிஞ்சும். இப்போதுதான் தொடர்புகொள்ளும் வேலை. தொலைபேசி எண் கொடுத்திருந்தால் கூப்பிடுங்கள். பலர் இதற்குத் தயங்குகிறார்கள்; தொந்தரவு என்று நினைக்கிறார்கள். பொருந்தாத பத்து பக்க விண்ணப்பத்தைப் படிப்பதைவிட ஐந்து நிமிடம் பேசுவது அவர்களுக்கும் எளிது. கேட்க வேண்டியது ஒன்றிரண்டுதான்: இப்படி ஒரு வேலை செய்கிறோம், உங்கள் குடும்பம் இந்த மாதிரி வேலையைப் பார்க்க விரும்புமா? அடுத்த கூட்டம் எப்போது? அந்த முதல் அழைப்பில் பணத்தைப் பற்றி அவர்களாகக் கேட்டால் ஒழிய நான் பேச மாட்டேன். எண் ஒரு வங்கியில் பிறருடைய அறக்கட்டளைகளை நிர்வகிக்கும் டிரஸ்ட் பிரிவுக்கோ வழக்கறிஞர் அலுவலகத்துக்கோ போகிறது என்றால் நிலைமை வேறு. அங்கே இருப்பவர் விதியைச் சரிபார்ப்பவர். அவரிடம் கடைசி நாளையும் படிவத்தையும் கேட்டு வாங்கிக்கொண்டு, அதில் சொன்னதைச் சொன்னபடி செய்வதுதான் வழி.

உங்கள் இயக்குநர் குழுவிடம் அறங்காவலர்களின் பெயர்ப் பட்டியலைக் கொடுத்து யாரையாவது தெரியுமா என்று கேட்பதும் இதே கட்டத்தில் செய்ய வேண்டியது. தெரிந்தவர் மூலம் போவது சிலருக்குக் கூச்சமாக இருக்கும். எனக்கும் தொடக்கத்தில் சிபாரிசு பிடிப்பது போலத்தான் தோன்றியது. ஆனால் ஊழியரே இல்லாத ஒரு குடும்பத்துக்கு, முகம் தெரியாத ஓர் அமைப்பு நேர்மையானதுதானா என்று விசாரிக்க வேறு வழி இல்லை. "அவர்களை எனக்குத் தெரியும், சொன்னதைச் செய்பவர்கள்" என்று நம்பகமான ஒருவர் சொல்வது அவர்களுக்கு ஒரு சாட்சி. அதைப் பெறுவதில் தவறில்லை.

அவர்கள் சரி என்றால் முதலில் கேட்பது பெரும்பாலும் ஒன்றரை, இரண்டு பக்கக் கடிதம். லெட்டர் ஆஃப் இன்க்வைரி, சுருக்கமாக எல்ஓஐ என்பார்கள். இதில் நான் பார்த்த பெரிய குறை, எழுதுபவர்கள் நாட்டின் எழுத்தறிவு நிலையிலிருந்து தொடங்குவது. அரைப் பக்கம் அதற்கே போய்விடும். அந்தக் குடும்பத்துக்கு அது தெரியும். தெரிந்ததால்தான் அந்தத் துறைக்குக் கொடுக்கிறார்கள். அவர்களுக்குத் தெரியாதது நீங்கள்தான். எனவே முதல் பத்தியிலேயே யார், எங்கே, எத்தனை குழந்தைகள், எவ்வளவு தொகை, எதற்கு என்று சொல்லிவிடுங்கள். "வாரம் மூன்று நாள், 34 குழந்தைகள், இரண்டு ஆசிரியர்கள். மூன்றாவது ஆசிரியரைப் பகுதிநேரமாக ஓர் ஆண்டுக்கு அமர்த்த 6,000 டாலர் கேட்கிறோம்" என்ற மாதிரி. "கடந்த ஆண்டு நூலகத்தின் கோடைக்கால வாசிப்புத் திட்டத்துக்கு நீங்கள் உதவியதைப் பார்த்தோம், அதனால் உங்களுக்கு எழுதுகிறோம்" என்று ஒரு வரி சேர்த்தால், அவர்களைப் படித்துவிட்டு வந்திருக்கிறீர்கள் என்பது தெரியும். அந்த ஒரு வரியை வேறு 39 பேருக்கு அனுப்ப முடியாது, அதனால்தான் அதற்கு மதிப்பு.

எண்கள் கையில் இருக்க வேண்டும். என் முதல் பெரிய விண்ணப்பம் 14 பக்கம். அதை எழுத ஒரு மாதம் ஆனது. நேரில் பார்க்க வந்த அறங்காவலர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "செவ்வாய்க்கிழமை எத்தனை பேர் வருவார்கள்?" எனக்குத் தெரியவில்லை. வருகைப் பதிவேடு எங்கோ இருந்தது, ஆனால் யாரும் கூட்டிப் பார்த்ததில்லை. மானியம் கிடைக்கவில்லை, அது சரியான முடிவுதான் என்று இன்றும் நினைக்கிறேன். அவர் கேட்டது எண்ணிக்கையை அல்ல. எங்கள் வேலையை நாங்களே கவனித்துப் பார்க்கிறோமா என்று கேட்டார். அதற்குப் பிறகு நான் வேலை செய்த எந்த அமைப்பிலும் வருகைக் கணக்கை மாதம் ஒரு முறை ஒரே தாளில் எழுதி வைக்காமல் இருந்ததில்லை.

பட்ஜெட் தாள் தனி. குடும்பத்தில் யாராவது ஒருவர் தொழில் நடத்தியவராக இருப்பார், அவர் கதையை விட்டுவிட்டு முதலில் இதைத்தான் எடுப்பார். திட்டத்தின் மொத்தச் செலவு, அதில் இவர்களிடம் கேட்பது எவ்வளவு, மீதி எங்கிருந்து வருகிறது என்பது ஒரே பார்வையில் புரிய வேண்டும். கைக்கு வந்துவிட்ட பணம், உறுதி சொன்ன பணம், கேட்டிருக்கும் பணம் மூன்றையும் பிரித்துக் காட்டுங்கள். வாடகை, மின்சாரம், கணக்காளர் கட்டணம் ஆகியவற்றில் இந்தத் திட்டத்தின் பங்கை மறைக்காமல் எழுதுங்கள். நிர்வாகச் செலவு என்றாலே குறைத்துக் காட்ட வேண்டும் என்ற பழக்கம் சிறு அமைப்புகளைத்தான் தின்கிறது. வாடகை கட்டாமல் வகுப்பு நடக்காது என்பது அந்தக் குடும்பத்துக்கும் தெரியும்.

மீதிப் பணம் எங்கிருந்து வருகிறது என்ற கேள்விக்கு நீண்ட வரலாறு உண்டு. சியர்ஸ் ரோபக் என்ற பெரிய வணிக நிறுவனத்தின் தலைவராக இருந்த ஜூலியஸ் ரோசன்வால்ட், கறுப்பினக் கல்வியாளர் புக்கர் டி. வாஷிங்டனோடு சேர்ந்து அமெரிக்கத் தென்மாநிலங்களில் கறுப்பினக் குழந்தைகளுக்கான பள்ளிகளைக் கட்ட உதவினார். 1912-இல் தொடங்கிய அந்த வேலையை 1917-இல் அவர் அமைத்த நிதியம் தொடர்ந்தது. 20 ஆண்டுகளில் 5,000-க்கும் மேற்பட்ட பள்ளிக் கட்டடங்கள் எழுந்தன. அவர் முழுச் செலவையும் கொடுக்கவில்லை. அந்தந்த ஊர் மக்களும் அரசும் தங்கள் பங்கைப் போட வேண்டும் என்பது நிபந்தனை. நிலமாக, மரமாக, உழைப்பாக, சில்லறைக் காசாக அந்த எளிய கறுப்பின மக்கள் திரட்டியது ரோசன்வால்ட் கொடுத்ததைவிடவும் அதிகம். அந்த நிபந்தனை நியாயமா என்று என்னால் இன்றும் நிம்மதியாகச் சொல்ல முடியவில்லை. அந்த மக்கள் ஏற்கெனவே பள்ளி வரியும் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஆனால் கொடுப்பவரின் மனம் எப்படி ஓடும் என்பதை அது காட்டுகிறது: சொந்த ஊரே கை கொடுக்கும் ஒரு வேலையில் தாமும் சேர விரும்புவார்கள். பெற்றோர் கொடுக்கும் 10 டாலர்களையும், தன்னார்வலர்கள் தந்த மணிநேரங்களையும் விண்ணப்பத்தில் எழுதுங்கள். உங்களுக்கு அது சிறியதாகத் தெரியலாம், படிப்பவருக்கு அப்படித் தெரியாது.

உங்கள் அளவுள்ள அமைப்பு கவனிக்க வேண்டிய ஒரு சட்டச் சிக்கல் இருக்கிறது. இதைப் பெரும்பாலும் யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. பொது அறநிறுவனம் என்ற தகுதி நிலைக்க, பலரிடமிருந்து பணம் வருகிறது என்று நீங்கள் காட்ட வேண்டும். நன்கொடையில் ஓடும் அமைப்புகளுக்குப் பொதுவாக ஐந்து ஆண்டு மொத்த வரவில் மூன்றில் ஒரு பங்கு பொது ஆதரவாக இருக்க வேண்டும். அந்தக் கணக்கில் தனிநபரோ தனியார் அறக்கட்டளையோ கொடுத்ததில், மொத்த வரவின் 2 சதவீதம் வரைதான் பொது ஆதரவாகச் சேரும். உங்கள் ஐந்து ஆண்டு வரவு 4,00,000 டாலர் என்றால் 2 சதவீதம் 8,000. ஒரு குடும்பம் ஐந்து ஆண்டுகளில் 1,00,000 கொடுத்தாலும் அதில் 8,000 மட்டுமே பொது ஆதரவு. முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஐஆர்எஸ் சலுகை தருகிறது, எனவே இன்றே ஆபத்தில்லை. ஆனால் ஆறாம் ஆண்டிலிருந்து இந்தக் கணக்கு முன்னே வந்து நிற்கும். மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே போனாலும் 10 சதவீதத்துக்கு மேல் இருந்தால் வேறு ஆதாரங்களைக் காட்டித் தகுதியைக் காக்க வழி உண்டு. இருந்தாலும் ஒரே பெரிய குடும்பத்தை நம்பி, பத்து டாலர் நன்கொடையாளர்களைக் கைவிடாதீர்கள். கணக்காளரிடம் இதை இப்போதே கேட்டு வையுங்கள்.

குடும்பத்துக்கும் தடைகள் உண்டு, அவற்றை நீங்கள் அறிந்திருந்தால் சங்கடம் வராது. அறக்கட்டளைப் பணத்தில் அறங்காவலரோ அவர் குடும்பமோ சொந்தப் பலன் அடையக் கூடாது. எனவே ஆண்டு விருந்துக்கு "5,000 டாலர் கொடுத்தால் பத்து இருக்கைகள்" என்று அறக்கட்டளையிடம் கேட்காதீர்கள். அந்த இருக்கையில் குடும்பத்தினர் உட்கார்ந்தால் அவர்களுக்கு வரிச் சிக்கல் வரலாம். சுவரில் பெயர் போட்டு நன்றி சொல்வதில் பிரச்சினை இல்லை. அதேபோல் ஓர் அறங்காவலர் தன் பெயரில் எழுத்துப்பூர்வமாக உறுதிகொடுத்த தொகையை அறக்கட்டளைப் பணத்தால் அடைக்க முடியாது. உறுதிக் கடிதம் யார் பெயரில் வருகிறது என்று பாருங்கள். சட்டமன்றத்தில் ஆதரவு திரட்டும் வேலைக்கென்று அவர்கள் பணம் ஒதுக்கவும் கூடாது, எனவே அந்தச் செலவை விண்ணப்பத்தில் சேர்க்காதீர்கள்.

501(சி)(3) அங்கீகாரம் இல்லாதவர்கள் இதைப் படித்தால், அவர்களுக்கு வழி ஃபிஸ்கல் ஸ்பான்சர். அங்கீகாரம் உள்ள ஓர் அமைப்பின் குடையின் கீழ் திட்டத்தை நடத்தி அதன் வழியாக மானியம் பெறுவது. இந்தியாவில் இருந்துகொண்டு அமெரிக்கக் குடும்ப அறக்கட்டளையிடம் கேட்பவர்களுக்கு இரண்டு பக்கமும் தடை. அங்கே, உங்கள் அமைப்பு அமெரிக்கப் பொது அறநிறுவனத்துக்கு இணையானது என்று அவர்கள் ஆவணம் திரட்ட வேண்டும், அல்லது செலவை நெருக்கமாகக் கண்காணித்து ஐஆர்எஸ்ஸுக்கு அறிக்கை தர வேண்டும். இங்கே, 2010-ஆம் ஆண்டின் வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டத்தின் அனுமதியும், புதுடெல்லி ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில் அதற்கான கணக்கும் வேண்டும். நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, வாங்கிய பணத்தை வேறு அமைப்புக்கு மாற்றிக் கொடுக்கக் கூடாது என்று 2020 திருத்தம் சொல்கிறது. ஊழியர் இல்லாத சிறு குடும்பங்கள் இவ்வளவையும் சமாளிக்க விரும்பாமல் இடைநிலை அமைப்புகள் வழியாகவே கொடுக்கிறார்கள்.

இப்போது நிறையக் குடும்பங்கள் தனி அறக்கட்டளை வைக்காமல், அல்லது அதோடு சேர்த்து, டோனர் அட்வைஸ்டு ஃபண்ட் என்ற கணக்கிலும் பணம் போடுகின்றன. ஒரு பொது அறநிறுவனம் வைத்திருக்கும் கணக்கு அது; யாருக்குக் கொடுக்கலாம் என்று குடும்பம் பரிந்துரைக்கும். அதற்கு 990-பிஎஃப் கிடையாது, எந்தக் குடும்பம் யாருக்குக் கொடுத்தது என்று வெளியே தெரியாது. அங்கே நேரடி அறிமுகம் ஒன்றுதான் வழி.

மறுப்பு வந்தால் இரண்டு வரி நன்றி எழுதுங்கள், அடுத்த சுற்றில் மீண்டும் கேட்கலாமா என்று கேளுங்கள். உங்களுக்கு வந்த அந்த இரண்டு மறுப்புகளை நான் அலட்சியமாக நினைக்க மாட்டேன். 40 பேரில் இரண்டு பேர் நேரம் ஒதுக்கிப் பதில் எழுதியிருக்கிறார்கள். அவர்களுடைய படிவத்தைத்தான் முதலில் எடுத்துப் படியுங்கள். மானியம் கிடைத்தால், அறிக்கை கேட்கும் தேதிக்கு முன்பே ஒரு சிறு கடிதம் அனுப்புங்கள். சரியாகப் போகாததையும் அதில் எழுதுங்கள்: மூன்றாவது ஆசிரியர் இரண்டு மாதத்தில் விலகினார், புதியவரைத் தேட ஆறு வாரம் ஆனது, அதனால் இவ்வளவு பணம் மிச்சம், இப்படிச் செலவிடலாமா என்று. நான் படித்துக்கொடுத்த குடும்பம் இரண்டாம் முறை கூடுதலாகக் கொடுத்தது பெரும்பாலும் இப்படி எழுதியவர்களுக்குத்தான்.

முதல் கடிதத்திலிருந்து காசோலை வரை ஓர் ஆண்டு ஆகலாம். பல குடும்பங்கள் ஆண்டுக்கு இரண்டு முறைதான் கூடுகின்றன. ஆண்டுக் கணக்கை முடிக்கும் அவசரத்தில் நவம்பர், டிசம்பரில் கொஞ்சம் வேகமாக முடிவெடுப்பவர்களும் உண்டு. எனவே இந்த ஆண்டின் வாடகைக்கு இந்தப் பணத்தை நம்பாதீர்கள். அந்த 40 பேர் பட்டியலோடு ஒரு சனிக்கிழமை நூலகத்துக்குப் போங்கள். கட்டத்தில் குறி போட்டவர்களின் பெயர்களை முதல் ஒரு மணி நேரத்திலேயே பட்டியலிலிருந்து அடித்துவிடலாம். மீதி ஒவ்வொருவருக்கும் மூன்று ஆண்டு மானியப் பட்டியலைப் படிக்க அன்று மாலை வரை ஆகும்.